சினிமா ரசிகர் சண்டை, அசிங்க கமெண்ட், பேக் ஐடி (போலி அக்கவுன்ட்): கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

நீங்க யாரு, இத ஏன் எழுதுறீங்க?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல சின்னதா ஒரு மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். 2015ல இருந்து 2021 வரைக்கும் ஒரு சினிமா ஹீரோவோட ரசிகர் பேஜ்ல அட்மினா இருந்தேன், மூணு பேர்ல ஒருத்தன், போட்டோ எடிட்டிங் பூரா என் வேலை. எந்த ஹீரோன்னு சொல்லல, சொன்னா இதுவும் ஒரு சண்டையா மாறிடும். டிஸ்ப்ளே மாத்த வர்ற பசங்க, பொண்ணுங்க, சில சமயம் அவங்க அப்பா அம்மா எல்லாரும் "இந்த ஐடி யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லி சொல்லி ஒரு கட்டத்துல எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு, அதான் இது.

ரசிகர் சண்டை எம்ஜிஆர் சிவாஜி காலத்துலயே இருந்ததுதானே? இப்ப மட்டும் என்ன புதுசு?

இருந்தது, இல்லன்னு சொல்லல. எங்க அப்பா காலத்துல போஸ்டர்ல சாணி அடிச்சிருக்காங்க, தட்டி கிழிச்சிருக்காங்க, டிக்கெட் கவுண்டர்ல சட்டைய புடிச்சு இழுத்திருக்காங்க. ரஜினி கமல்லயும் அதே கததான். ஆனா அடிக்கிறவன் மூஞ்சி தெரியும், யார் வீட்டு பையன்னு தெரியும், மறுநாள் காலைல அதே டீக்கடையில பக்கத்துல நின்னு டீ குடிக்கணும். அந்த கூச்சம் ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதான் ஒரு அளவுக்கு மேல போகாம புடிச்சு வெச்சிருந்துச்சு. இப்ப அது இல்ல. டிபியில ஹீரோ படம், பேருல ஹீரோ பேரு, உள்ள இருக்குறது பண்ருட்டியா பஹ்ரைனான்னே தெரியாது. அதுவும் ஒருத்தன் இல்ல, நானூறு பேரு ஒரே ஆள் மேல, ஒரே ராத்திரியில.

ஆன்லைன்ல பேசுறது ஆன்லைனோட போயிடும், இத ஏன் இவ்ளோ பெருசு பண்றீங்க?

போயிடல. சினிமா இல்ல, கிரிக்கெட்தான், ஆனா இதே வியாதி: 2022 அக்டோபர்ல நம்ம பக்கத்து அரியலூர் மாவட்டத்துல ரெண்டு ப்ரெண்ட்ஸ், ரோஹித் பெருசா கோலி பெருசான்னு பேச ஆரம்பிச்சு கடைசியில ஒருத்தன் செத்தான், இன்னொருத்தன் ஜெயிலுக்கு போனான். ரெண்டுமே இருபத சுத்தி இருக்குற வயசு. எனக்கு பிடிச்ச ஆள நீ கேலி பண்ணா என்னையே அசிங்கப்படுத்துன மாதிரின்னு ஒரு நெனப்பு ஏறுது பாருங்க, அத தினமும் ராத்திரி போன்ல ஊட்டி வளத்தா நேர்லயும் அதே சூடுதான் வரும்.

கலாய்க்கிறது கூட தப்பா? அப்புறம் எப்படித்தான் பேசுறது?

கலாய்க்கிறது தப்பே இல்ல, நம்ம ஊர்ல கலாய்க்காம ஒருத்தன் சினிமா பாக்க முடியுமா? படம் மொக்கைன்னு சொல்லுங்க, விக் சரியில்லன்னு சொல்லுங்க, டான்ஸ் வரலன்னு சொல்லுங்க. எங்க கோடு இருக்குன்னு நான் பாத்து பாத்து தெரிஞ்சுக்கிட்டது இதான்: பேச்சு படத்த விட்டுட்டு ஆளோட அம்மா, பொண்டாட்டி, தங்கச்சி, ஜாதி, நிறம், உடம்புன்னு போயிடுச்சா, அது கலாய் இல்ல. அவர் போதும்னு சொன்னப்புறமும் இன்பாக்ஸ் வரைக்கும் தொரத்துறாங்களா, அது கலாய் இல்ல. எந்த காலேஜ், எந்த கம்பெனின்னு தேடி எடுத்து போடுறாங்களா, அது கலாய் இல்லவே இல்ல, அது மிரட்டல். கலாய்னா கலாய்க்கப்பட்டவனும் கொஞ்சம் சிரிக்கணும்ங்க.

இதனால யாருக்கு லாபம்?

இத எல்லாரும் நல்லா தெரிஞ்சுக்கணும், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். நான் அட்மினா இருந்தப்ப எல்லாமே பாசம்னுதான் நம்புனேன். ட்ரெண்ட் பண்ணணும்னா டெலிகிராம் குரூப்ல ஹேஷ்டேக் இத்தன மணிக்கு ஓபன்னு சொல்லிடுவோம், கூடவே ரெடிமேடா நாப்பது ட்வீட் இருக்கும், பசங்க அத காப்பி பண்ணி போட்டுக்கிட்டே இருப்பாங்க, பரீட்சைக்கு முந்தின நாள்கூட போடுவாங்க. ஒரு பைசா வராது. 2023ல எக்ஸ்ல, அதான் பழைய ட்விட்டர்ல, விளம்பர காசுல பங்கு குடுக்க ஆரம்பிச்சாங்க. ப்ளூ டிக்குக்கு காசு கட்டுன பெரிய ஐடிங்களுக்கு, எவ்ளோ பேர் அந்த போஸ்ட்ல வந்து மோதுறாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பணம். யோசிச்சு பாருங்க, "படம் சுமாரா இருக்கு, ஒரு தடவ பாக்கலாம்"னு போட்டா எவன் வந்து ரிப்ளை போடுவான்? எதிர் ஹீரோவோட பழைய ப்ளாப் படத்து ஸ்டில்ல எடுத்து போட்டு நாலு வார்த்த திட்டுனா ரெண்டாயிரம் ரிப்ளை. யூடியூப்லயும் அதேதான், தம்ப்நெயில்ல "கதறும் ரசிகர்கள்"னு போட்டாத்தான் க்ளிக். நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணு எரிய எரிய டைப் பண்ற ஒவ்வொரு ரிப்ளையும் அவங்க கல்லாவுல விழுற காசு.

இன்னொண்ணு, கலெக்ஷன் சண்டை. 2023 பொங்கலுக்கு அஜித் படமும் விஜய் படமும் ஜனவரி 11 ஒரே நாள்ல வந்தப்ப யாரு பர்ஸ்ட்டுன்னு மாசக்கணக்குல அடிச்சுக்கிட்டாங்க. நம்ம நாட்டுல ஒரு படம் எவ்ளோ வசூல் பண்ணுச்சுன்னு எல்லாரும் பாக்குற மாதிரி அரசாங்க கணக்கு எதுவும் வெளியிடுறது கிடையாது. தயாரிப்பாளர் போஸ்டர்ல போடுறது ஒரு நம்பர், ஆன்லைன்ல வசூல் கணக்கு போடுற ட்ராக்கர் சொல்றது ஒரு நம்பர், தியேட்டர்காரர் தலைய சொறியுறது ஒரு நம்பர். எதையும் சரிபாக்கவே முடியாத ஒரு விஷயத்துக்கு ஒருத்தன் அம்மாவ இன்னொருத்தன் திட்டுறான்.

ஹீரோங்க சொன்னா நின்னுடுமே, அவங்க ஏன் சொல்ல மாட்றாங்க?

சொல்லியிருக்காங்க. அஜித் 2011லயே ரசிகர் மன்றத்த கலைச்சாரு, 2021 டிசம்பர்ல பட்டப்பேர் வேணாம் பேர் சொல்லியே கூப்புடுங்கன்னு அறிக்கை விட்டாரு, 2024 டிசம்பர்ல கடவுளேன்னு கோஷம் போடாதீங்கன்னு மறுபடி கேட்டுக்கிட்டாரு. கமல் ரொம்ப வருஷம் முன்னாடியே மன்றத்த நற்பணி இயக்கமா மாத்துனவரு, 2024 நவம்பர்ல அவரும் பட்டம் வேணாம்னுட்டாரு. நின்னுச்சா? அவங்க பேர சொல்லித்தான் சண்டை போடுறோம், ஆனா அவங்க பேச்ச கேக்குறதில்ல. அப்புறம் இது அவங்களுக்காகன்னு எப்படி சொல்றது?

பொண்ணுங்க கருத்து சொன்னா மட்டும் ஏன் இவ்ளோ கேவலமா வருது?

நான் நேர்ல பாத்தத சொல்றேன். ஒரு நாள் சாயங்காலம், செம்மண்டலம் பக்கத்துல இருந்து ஒரு அப்பாவும் பொண்ணும் கடைக்கு வந்தாங்க. பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம். "தம்பி, இந்த போன்ல சத்தமே வராத மாதிரி பண்ணி குடுத்துடுங்க"ன்னு அப்பா கேட்டாரு. சைலன்ட்ல போட்டாலே போதுமேன்னு சொல்லிட்டு போன வாங்கி கண்ணாடி கவுண்டர் மேல வெச்சேன். ஏற்கெனவே சைலன்ட்லதான் இருந்துச்சு. வைப்ரேஷன். நிக்கவே இல்ல. அதிர்ந்து அதிர்ந்து போன் தானா நகந்து கவுண்டர் ஓரத்துக்கு வந்துடுச்சு, கீழ விழுறதுக்குள்ள நான் கைய வெச்சு புடிச்சேன். அந்த பொண்ணு அத பாக்கவே இல்ல, தரையத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

என்ன பண்ணுச்சு அந்த பொண்ணு? கடலூர்ல ஒரு தியேட்டர் வாசல்ல படம் முடிஞ்சு வந்து நாப்பது செகண்ட் ரீல் போட்டிருக்கு, செகண்ட் ஆஃப் போர் அடிக்குதுன்னு. அவ்ளோதான். அதே நாள்ல அதே படத்த பையனுங்க நூறு பேர் மொக்கைன்னு சொல்லியிருக்காங்க, அவங்களுக்கு "உனக்கு ரசனை இல்லடா"ன்னு வந்திருக்கும். இதுக்கு வந்தது எதுவுமே படத்த பத்தி இல்ல. ரேட் கேட்டிருந்தானுங்க. உடம்ப பத்தி, அப்பாவ பத்தி. நாலாவது மெசேஜ்ல ஒரு போட்டோ, இந்த பொண்ணு மூஞ்சிய வேற உடம்புல ஒட்டி, சுத்தி செவப்பு பார்டர், கீழ மஞ்சள் எழுத்து.

அந்த பார்டர் நான் பண்ணது. 2019ல எங்க பேஜ்ல ஒரு பெண் விமர்சகர ஓட்டுறதுக்குன்னு நான் டிசைன் பண்ண டெம்ப்ளேட், மூலையில எங்க வாட்டர்மார்க்க அழிச்ச தடம்கூட அப்படியே தெரிஞ்சுச்சு. நான் வெளிய வந்து வருஷம் ஆகியும் அது கை மாறி கை மாறி, ஹீரோ கூட மாறி, இந்த பொண்ணு போனுக்கு வந்து சேந்திருக்கு. என்னால அன்னைக்கு அந்த அப்பா முகத்த பாக்க முடியல. அதுக்கப்புறம்தான் இதெல்லாம் என்ன சட்டம், எங்க புகார் குடுக்கணும்னு ஒழுங்கா படிச்சேன்.

என் போட்டோவ மார்ஃப் பண்ணி போட்டுட்டாங்க. மொதல்ல என்ன பண்ணணும்?

மொதல்ல எதையும் டெலிட் பண்ணாதீங்க. அருவருப்பா இருக்கும், கை தானா டெலிட்டுக்கு போகும், நிறுத்துங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அந்த ஐடியோட யூசர்நேம், போஸ்ட் லிங்க், தேதி நேரம் மூணும் தெரியணும். டிஸ்ப்ளே நேம் மட்டும் தெரிஞ்சா பத்தாது, அத எப்ப வேணா மாத்திடுவான். ப்ரொஃபைல்ல இருந்து மெசேஜ் வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி ஒரு ஸ்க்ரீன் ரெக்கார்டும் எடுத்துடுங்க. பாக்க முடியலன்னா நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட போன குடுத்து எடுக்க சொல்லுங்க, நீங்க பாத்துத்தான் ஆகணும்னு இல்ல.

அத வெளிய சேவ் பண்ணிட்டு அப்புறமா ரிப்போர்ட் அடிங்க. அடுத்து தேசிய சைபர் கிரைம் போர்ட்டல், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன், அதுல பெண்கள் குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குன்னு தனி பகுதி இருக்கு. 1930 நம்பர் முக்கியமா பணம் போன கேஸுக்கு, இதுக்கு போர்ட்டல்ல நேரா போட்டு அந்த அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர எழுதி வெச்சுக்கிறது நல்லது. நிர்வாண படமா இருந்தா ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜின்னு ஒரு சைட் இருக்கு, 18 வயசு ஆனவங்களுக்கு. உங்க படத்த அவங்களுக்கு அனுப்ப வேணாம், உங்க போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி கோட் உருவாக்கும், அந்த கோட் மட்டும்தான் பேஸ்புக் இன்ஸ்டாகிராம் மாதிரி கம்பெனிங்களுக்கு போகும், அதே படம் மறுபடி ஏறுனா தடுப்பாங்க. 18க்கு கீழன்னா இது போக்சோ, அதாவது குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டம் வரைக்கும் போற விஷயம், குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணுங்க, தயங்காதீங்க.

நான் கடலூர், பண்ணவன் பாண்டின்னு சந்தேகம். எந்த ஸ்டேஷனுக்கு போறது?

இந்த கேள்வி நம்ம பக்கத்துக்கே உள்ள தலவலி. ஆல்பேட்டை பாலம் தாண்டி முள்ளோடை போனா பாண்டி, வேற போலீஸ், வேற அரசாங்கம், வண்டியில அரை மணி நேரம்தான். முன்னாடி இங்க போனா அங்க போங்கன்னும், அங்க போனா இங்க போங்கன்னும் அலைய விட்ட கதை எனக்கு தெரியும். இப்ப 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது சட்டத்துல, பிஎன்எஸ்எஸ்னு சொல்ற குற்றவியல் நடைமுறை சட்டத்தோட 173வது பிரிவுல, குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் புகார வாங்கியே ஆகணும்னு தெளிவா இருக்கு. ஜீரோ எப்ஐஆர்னு சொல்லுவாங்க, பதிஞ்சுட்டு அவங்களே சரியான ஸ்டேஷனுக்கு மாத்தி விடணும். ஆன்லைன்ல கூட புகார் அனுப்பலாம், மூணு நாளைக்குள்ள போய் கையெழுத்து போட்டுடணும். அதனால உங்களுக்கு பக்கத்துல இருக்குற ஸ்டேஷன்லயே குடுங்க, தமிழ்நாட்டுலன்னா மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன் எஸ்பிக்கு கீழ இருக்கு, அங்கயும் குடுக்கலாம். பேப்பர குடுத்துட்டு வெறுங்கையோட மட்டும் வராதீங்க, புகார் வாங்குனதுக்கு அத்தாட்சியா சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்க.

66ஏன்னு ஒரு சட்டம் இருக்காமே, அதுல போடலாமா?

அது ஐடி சட்டத்துல, அதாவது தகவல் தொழில்நுட்ப சட்டத்துல, ஆன்லைன்ல அசிங்கமா எழுதுறதுக்குன்னு இருந்த பிரிவு, அத சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச்லயே ரத்து பண்ணிடுச்சு. அதுக்காக வேற எதுவும் இல்லன்னு நெனைக்காதீங்க. ஐடி சட்டம் 67 ஆபாசமா போடுறதுக்கு, மொத தடவையே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். 67ஏ அப்பட்டமான பாலியல் காட்சிக்கு, அஞ்சு வருஷம் வரை. வேணாம்னு சொன்னப்புறமும் ஒரு பொண்ண ஆன்லைன்ல தொரத்துறது, பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 78. கொல்லுவேன் வெட்டுவேன்னு மிரட்டுறது 351, அதுவும் பேர மறைச்சு மிரட்டுனா தனியா இன்னும் ரெண்டு வருஷம் வரைக்கும் கூடும். பேக் ஐடின்னா தப்பிச்சுக்கலாம்னு நெனைக்கிற பசங்க இந்த கடைசி வரிய ரெண்டு தடவ படிங்கப்பா.

பேக் ஐடி யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சு சொல்ல முடியுமா?

முடியாது, முடிஞ்சாலும் சொல்ல மாட்டேன். போலீஸ் கேட்டா கம்பெனி அந்த அக்கவுன்ட்டோட நம்பர், மெயில், ஐபி மாதிரி விவரம் குடுக்கலாம், அதுக்கும் நாளாகும், எல்லா கேஸ்லயும் கிடைக்கும்னும் இல்ல. நாமளே துப்பறியுறேன்னு எறங்குனா என்ன ஆகும் தெரியுமா, எங்க பேஜ்ல ஒரு தடவ இவன்தான்னு ஒரு பையன் போட்டோவ போட்டோம், பேர் ஒண்ணு, ஊர் ஒண்ணு, ஆனா ஆள் வேற. நெல்லிக்குப்பத்துக்காரன், சினிமாவே அவ்வளவா பாக்காதவன். அவன் வேலை பாத்த கடைக்கு போன் மேல போன். நாங்க போஸ்ட்ட தூக்குனோம், ஆனா ஒரு சாரி கூட போடல அப்ப.

ப்ளாக் பண்ணா பயந்துட்டான்னு ஸ்க்ரீன்ஷாட் போடுவாங்களே?

போடட்டும். ஆனா எக்ஸ்ல 2024 கடைசியில இருந்து ப்ளாக் பண்ணாலும் உங்க பப்ளிக் போஸ்ட்ட அவன் பாக்க முடியும், பதில்தான் போட முடியாது. அதனால அடி விழுற சமயத்துல அக்கவுன்ட்ட கொஞ்ச நாள் ப்ரைவேட் ஆக்கிடுங்க.

பிக் பாஸ் ஆர்மி சண்டையும் இதுல சேத்தியா?

சேத்திதான், சில வகையில அதவிட மோசம். 2017ல நம்ம தமிழ்ல அந்த ஷோ ஆரம்பிச்சப்ப ஓவியாவோட ரசிகர் கூட்டம் ஓவியா ஆர்மின்னு வந்துச்சு, அப்ப அது ஒரு கொண்டாட்டமா இருந்துச்சு, நானும் ஓட்டு போட்டேன். இப்ப வீட்டுக்குள்ள யாராவது ஒருத்தர் குரல உசத்துனா வெளிய அவங்க அம்மாவோட இன்ஸ்டா கமெண்ட்ல போய் நிக்கிறாங்க, அவங்க குழந்தை போட்டோவுக்கு கீழ கூட. உள்ள இருக்குறவங்களுக்கு போன் கிடையாது, நூறு நாள் கழிச்சு வெளிய வந்து ஒரே நாள்ல மொத்தத்தையும் படிக்கிறாங்க. நமக்கு அடுத்த சீசன் வந்தா மறந்துடும்.

என் பையன் ப்ளஸ் டூ. ராத்திரி ஒரு மணி வரைக்கும் எக்ஸ்ல குரல்ல பேசுற அந்த ஸ்பேஸ்ல கத்திக்கிட்டே இருக்கான். போன புடுங்கிடவா?

புடுங்கினா ப்ரெண்ட் போன்ல இருந்து வருவான், உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டான், அவ்ளோதான் வித்தியாசம். நான் பாத்த வரைக்கும் இந்த பசங்களுக்கு அங்க ஒரு மரியாத கிடைக்குது, அவன "அண்ணே"ன்னு கூப்புட நாலு பேர் இருக்கான், கிளாஸ்ல அது இல்ல. அத புரிஞ்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்து என்னப்பா பேசுறீங்கன்னு ஒரு நாள் காது குடுத்து கேளுங்க. கேட்டுட்டு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, நாளைக்கு போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போனா வெரிஃபிகேஷன் வரும், ஒரு எப்ஐஆர் இருந்தா அங்க வந்து நிக்கும், அப்ப அந்த ஸ்பேஸ்ல இருந்த எவனும் ஜாமீனுக்கு வரமாட்டான்னு. பாதிக்கப்பட்டது உங்க பொண்ணா இருந்தா போன புடுங்குறது இன்னும் தப்பு. அடி வாங்குனதும் அவ, தண்டனையும் அவளுக்கான்னு ஆயிடும், அடுத்த தடவ எது நடந்தாலும் வாய தொறக்க மாட்டா.

தூக்கம் வரல, சாப்பாடு எறங்கல, எதுவும் புடிக்கல. இதெல்லாம் சொன்னா சிரிப்பாங்களே?

சிரிக்க மாட்டாங்க. 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், இலவசம், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். உங்க பேர்கூட சொல்ல வேணாம். இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க.

நான் வாட்ஸப் குரூப் அட்மின். எவனோ போட்டதுக்கு என்னை புடிப்பாங்களா?

வெறும் அட்மினா இருக்குற ஒரே காரணத்துக்காக மெம்பர் போட்டதுக்கு நீங்க பொறுப்பாக முடியாதுன்னு 2022ல கேரள ஹைகோர்ட்டு சொல்லியிருக்கு, மும்பை ஹைகோர்ட்டு அதுக்கு முந்தின வருஷமே சொல்லிடுச்சு. ஆனா நீங்களும் சேந்து தூண்டி விட்டா அது வேற. இப்ப அட்மினால எல்லாருக்கும் தெரியிற மாதிரி மத்தவன் மெசேஜ டெலிட் பண்ண முடியும், டெலிகிராம்ல ஸ்லோ மோட் போட்டா ஒரு மெசேஜுக்கும் அடுத்த மெசேஜுக்கும் நடுவுல இடைவெளி விழும், படம் ரிலீஸ் அன்னைக்கு அது ஒண்ணே பாதி சூட்ட கொறைக்கும். நான் அட்மினா இருந்தப்ப இந்த மாதிரி எதுவும் செய்யல, நாலு பேர் வாய தொறந்து "வேணாம்டா, இது ஓவர்"னு சொல்லியிருந்தா கேட்டிருப்பேனான்னு பல தடவ யோசிச்சிருக்கேன். கேட்டிருப்பேன்னுதான் தோணுது. குரூப்ல எண்ணூறு பேர் இருந்தாங்க, அசிங்கமா எழுதுனது முப்பது பேர்தான், மீதி பேர் எல்லாம் நல்லவங்க, சும்மா பாத்துட்டு போயிட்டாங்க. அந்த அமைதிய நாங்க சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்.

ஒருத்தர் அடி வாங்கிட்டிருக்காங்க, நான் போய் சண்டை போட்டா என் மேல திரும்பும். என்னதான் பண்றது?

வெளிய போய் சண்டை போடாதீங்க, அது நெருப்புல எண்ணெய். அந்த ஆளுக்கு தனியா ஒரு மெசேஜ் போடுங்க. "பாத்தேன், தப்பு உங்க மேல இல்ல, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன், வேணும்னா தரேன்". அவ்ளோ போதும். அந்த செம்மண்டலத்து பொண்ணு போன்ல அன்னைக்கு நான் பாத்த அறுநூத்தி சொச்சம் மெசேஜ்ல அப்படி வந்தது ரெண்டே ரெண்டு. அது அந்த ரெண்டையும் ஸ்டார் போட்டு வெச்சிருந்துச்சு.

நானே இப்படி எழுதியிருக்கேன். இப்ப என்ன பண்ணலாம்?

எழுதுனத எடுத்துடுங்க, எந்த குரூப்ல எழுதுனீங்களோ அதே குரூப்ல தப்புன்னு சொல்லுங்க. திட்டு வாங்குவீங்க, எனக்கு ரெண்டு வாரம் விழுந்துச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு மன்னிப்பு கேக்கணும்னா ஒரே ஒரு தடவ, சுருக்கமா, "ஆனா", "இருந்தாலும்" அந்த மாதிரி எதுவும் சேக்காம. பதில் வரலன்னா மறுபடி போய் கதவ தட்டாதீங்க, மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அவங்க இஷ்டம். நான் 2019ல டெம்ப்ளேட் பண்ண அந்த விமர்சகருக்கு எழுதுனேன். படிச்சுட்டாங்க, பதில் இல்ல. நெல்லிக்குப்பம் பையன் கடைக்கு நேர்ல போனேன், அவன் அங்க வேலையில இல்ல.

அந்த பொண்ணு புகார் குடுத்துச்சா, இப்ப எப்படி இருக்கு?

குடுத்துச்சு. அப்பாதான் கூட போனாரு, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் தேதி வாரியா நான் ப்ரின்ட் போட்டு குடுத்தேன், அந்த டெம்ப்ளேட் நான் பண்ணதுன்னும் அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, ப்ரின்ட்டுக்கு எவ்ளோன்னு மட்டும் கேட்டாரு. நான் வாங்கல, அவர் கவுண்டர்ல வெச்சுட்டு போயிட்டாரு. மூணு ஐடி காணாம போச்சு, ஒரு பையன் வீட்டுக்கு போலீஸ் போனதா சொன்னாங்க, கேஸ் இன்னும் நடக்குது. பொண்ணு ரீல் போடுறத நிறுத்திடுச்சு. போன மாசம் சார்ஜர் வாங்க வந்தப்ப படம் பாக்குறியாம்மான்னு கேட்டேன். பாக்குறேண்ணா, வந்து வீட்ல அம்மாகிட்ட மட்டும் எப்படி இருக்குன்னு சொல்றேன்னு சொல்லுச்சு.